திண்ணைவரை வந்தவர்கள்

புதுச்சேரிக்குச் செல்லும் நாம் பெரும்பாலும் பாதி ஊரைத்தான் பார்த்துத் திரும்புகிறோம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்கள், காகிதப் பூக்கள், அவற்றின்முன் படமெடுத்துக்கொள்ளும் கூட்டம். வார விடுமுறைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்றுவரும் நண்பர்களாகிய நாங்களும் அக்கூட்டத்தினரே.

வாய்க்காலைக் கடந்து மேற்கே நடந்தபோதுதான், வந்தவரை எதிர்கொள்வதில் இரு பகுதிகளும் வேறுபடுவது புலப்பட்டது. பிரெஞ்சுப் பகுதி வீடு உயர்ந்த மதிலுக்குள் தன்னை மறைத்துக்கொள்கிறது. தமிழ்ப் பகுதியின் பழைய வீடோ தாழ்வாரத்தைத் தெருவரை நீட்டி, வழிப்போக்கனுக்கு நிழலும் அமரத் திண்ணையும் தருகிறது. அதன் பின்னரே கதவு; அதற்கும் அப்பால் முற்றம். அந்நியர் எதுவரை வரலாம் என்பதை அறிவிப்புப் பலகையின்றியே அவ்வீடு உணர்த்திவிடுகிறது. சுற்றுலா இழந்துகொண்டிருப்பது இந்த எல்லையுணர்வைத்தான்.

பயணிகளே வேண்டாம் என்பது எளிய பதில், சரியான பதிலன்று. தேக்கு உத்தரமும் மெட்ராஸ் டெரஸும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட வீட்டைப் பேணப் பெரும்பணம் வேண்டும். விருந்தினர் அறைகளின் வருவாய் இல்லையெனில் பல வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்களாகியிருக்கும். ஆனால் விருந்தினர் மட்டுமே தங்கும் வீடு, வீடுதானா?

2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடம் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை மீட்கலாம், குடியிருந்தோர் வெளியேறிய தெருவை மீட்பது அரிது. வெனிஸின் பழைய நகரில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அது 50,000-க்கும் கீழே இறங்கியது. 2024-இல் பகல்நேரப் பயணிகளுக்கு அந்நகரம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கலாம், போனவர்களை அழைத்துவராது.

புதுச்சேரியில் வேறு முன்மாதிரிகள் உண்டு. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பு வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. அங்கு ஒரு தெரு முழுவதும் காக்கப்பட வேண்டிய பொருளாகக் கருதப்பட்டது. மாலைதோறும் வாகனங்களுக்கு மூடப்படும் கடற்கரைச் சாலையில் உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒருங்கே நடக்கின்றனர்.

எனவே நாம் கேட்க வேண்டியவை சிறிய கேள்விகள். தங்கும் வீட்டில் அதன் குடும்பம் இன்னும் வாழ்கிறதா? நிலத்தடி நீரில் உப்பேறிவரும் கடலோர ஊரில் எத்தனை வாளி நீரைச் செலவிடுகிறோம்? நம் பணம் வாய்க்காலின் மேற்கேயும் சென்று சேர்கிறதா?

வந்தவர்க்குத் திண்ணை தருவது வீட்டாரின் பண்பு. முற்றத்தையும் கேட்காதிருப்பது வந்தவரின் பண்பு.