மீன்களுக்கும் லீவு

பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் ஒரு கேள்வி கிளம்பும். ‘‘இந்த லீவுக்கு எதுல சேர்த்துவிடலாம்?’’ கீபோர்டு, அபாகஸ், கராத்தே என்று பேப்பருக்குள்ளிருந்து நோட்டீஸ்களாக உதிரும். சேருங்கள், தப்பில்லை. ஒரே ஒரு காலை நேரத்தை மட்டும் மிச்சம் வையுங்கள். நான் சொல்லும் வகுப்புக்கு ஃபீஸ் கிடையாது. விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலூரில், கெடிலம் ஆறு கடலில் கலக்கும் பக்கம் இருக்கிறது தேவனாம்பட்டினம். சில்வர் பீச் என்றால் சட்டென்று தெரியும். சாயங்காலம் போனால் சுண்டலும் கூட்டமும்தான். காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.

தண்ணீர் வற்றிய ஈர மணலில் கடுகும் மிளகுமாக உருண்டைகள் சிதறிக் கிடக்கும். ‘‘யார் உருட்டினது?’’ என்று கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாதீர்கள். பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால் ஆசாமியே வளையிலிருந்து வெளியே வருவார். நகத்தளவு நண்டு! மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் இரையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டி வைக்கிறது.

கொஞ்சம் மேடேறினால் அடம்பங்கொடி. ஊதாப் பூ, ஆட்டுக் குளம்பு மாதிரி இலை. சங்கப் புலவர்கள் பாடிய அதே கொடி, இன்றும் மணல் பறந்துவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டை கண்ணில் பட்டால் விடாதீர்கள். காற்றில் அது உருண்டோடும்; பிள்ளைகள் துரத்துவார்கள். ‘‘ஓடுற வழியெல்லாம் விதை போட்டுக்கிட்டே போகுது’’ என்று மட்டும் சொல்லுங்கள்.

என் தங்கை மகனுக்கு ஒன்பது வயசு. வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் போய், ‘‘மார்க்கெட்ல மீனே இல்லன்னு அம்மா சொல்றாங்க, ஏன் தாத்தா?’’ என்றான்.

‘‘ஒனக்கு லீவு விட்ட மாதிரி மீனுக்கும் விட்ருக்கு தம்பி.’’

நிஜம்தான். மீன் இனம் பெருகட்டும் என்று, நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. பெரியவர் அதோடு விடவில்லை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார். பையன் கண்ணை மூடி, கன்னத்தில் படும் காற்றை வைத்தே திசை சொல்லப் பழகினான்.

ஆலிவ் ரிட்லி ஆமைக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. பெயரிலேயே காலண்டர் இருக்கிறது! ஒரு ஆமை நூறு முட்டை போல இடும். பொரிய ஏறக்குறைய 50 நாள். மணல் சூடாக இருந்தால் பெரும்பாலும் பெண் குஞ்சு, குளிர்ந்திருந்தால் ஆண். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இந்த முட்டைகளைக் காக்க இரவெல்லாம் கரையில் நடக்கிறார்கள். பொதுமக்களையும் கூட்டிப் போகிறார்கள்.

‘இதெல்லாம் மார்க்குக்கு உதவுமா?’ என்கிறீர்களா? 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. அதே காலை, தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, தண்ணீர் நுரைத்துக்கொண்டு மேலே மேலே வருவதைக் கவனித்தாள். இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. கத்தினாள். அப்பா அம்மா நம்பினார்கள். அந்தக் கடற்கரையே காலியானது, எல்லோரும் பிழைத்தார்கள்.

பாடம் புத்தகத்தில்தான் இருந்தது. அதைத் தண்ணீரில் அடையாளம் காண, பார்த்துப் பழகிய கண் வேண்டியிருந்தது. பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பெற்றோரும் வேண்டியிருந்தது.

இரண்டு எச்சரிக்கை: பிள்ளைகளை அலையில் இறக்காதீர்கள், இழுப்பு பொல்லாதது. நண்டு வளையைத் தோண்ட விடாதீர்கள். மற்றபடி, உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வரும், கட்டாயம் வரும். ‘‘எனக்கும் தெரியலடா, வா, அந்தத் தாத்தாவைக் கேட்போம்’’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.