அப்பாருவின் நீலக் காகிதம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல்

கைப்பேசியில் நொடிப்பொழுதில் படம் எடுக்கும் இந்நாளில், வெயிலையும் காகிதத்தையும் நம்பிப் படம் அச்சிட முனைந்தவன் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அம்முயற்சியில் நான் கற்ற பாடம் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1842இல் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறை அது. பெயர் சயனோடைப். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். வெயில் பட்ட இடத்தில் பெர்ரிக் இரும்பு பெர்ரஸ் இரும்பாக ஒடுக்கமடைந்து, பெர்ரிசயனைடுடன் கூடிப் பிரஷ்ய நீலமாகிறது. நிழல் விழுந்த இடத்து உப்புகள் நீரில் கரைந்துபோக, அங்கே வெள்ளை மிஞ்சுகிறது. 1843இலேயே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இம்முறையில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். பாசிக்குக் கடல் வேண்டும். எங்கள் வாசலிலோ முருங்கை இருந்தது.

பேராசிரியரின் அனுமதியுடன் ஆய்வகத்தில் கரைசல்களைத் தயாரித்தேன். 100 மில்லி நீருக்கு முன்னது 25 கிராம். பின்னது 10 கிராம். பூசிய காகிதத்தின்மேல் முருங்கை இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மாசி வெயிலில் பதினைந்து நிமிடம் காட்டினேன். வீட்டு ஆழ்குழாய் நீரில் கழுவியதும் நீலம் எழுந்தது. ஆனால், ஊறவிட்டுக் காலையில் பார்த்தால் வெளுத்திருந்தது! மூன்று ஞாயிறுகள், பதினொரு காகிதங்கள், ஒரே கதை. வெயிலை நொந்தேன், காகிதத்தை நொந்தேன்.

திண்ணையில் இருந்த அப்பாரு ஒரு காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வார்ப்படப் பட்டறையில் மரத்தில் பேட்டர்ன் செய்தவர்.

"ஏங்கண்ணு, இது எங்க பட்டறை டிராயிங்காட்டவே இருக்குது!"

நான் திகைத்தேன். ஹெர்ஷலின் முறைதான் 1870களில் தொழிற்சாலை வரைபடங்களைப் படியெடுக்கும் 'புளூபிரிண்ட்' ஆயிற்று என்று படித்திருந்தேன். அது பம்பும் மோட்டாரும் செய்யும் நம் கோவைக்கும் வந்திருக்கும், என் வீட்டு மனிதர் கையிலேயே இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வெள்ளைக் கோடுகளைப் படித்துத்தான் அப்பாரு பம்புகளுக்குப் பேட்டர்ன் செதுக்கினாராம்.

"இரும்பு ஆறுனாச் சுருங்கிப்போகும். அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட்டி வெச்சுத்தான் மரத்தைச் செதுக்கோணும்" என்றவர், வெளுத்த காகிதத்தை மீண்டும் பார்த்தார். "டிராயிங்குல திருத்தோணும்னா, ஆபீசுக்காரரு சலவைச் சோடாவைக் கரைச்சு, பேனாவுல தொட்டு எழுதுவாரு. நீலம் போயி வெள்ளை வந்துரும். உன்ற தண்ணி என்ன தண்ணின்னு பாரு."

சலவைச் சோடா ஒரு காரம்! காரத்தில் பிரஷ்ய நீலம் சிதையும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆழ்குழாய் நீரில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன். மெல்ல நீலமாயிற்று.

அடுத்த ஞாயிறு, குடிக்க வைத்திருந்த சிறுவாணித் தண்ணீரில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவினேன். நீலம் நின்றது. முருங்கையின் சிற்றிலைகள் ஒவ்வொன்றும் வெள்ளையாய்த் தெளிந்து நின்றன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அறிவியலும் என்னோடுதான் வீட்டுக்குள் நுழைந்தது என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்பே அது அப்பாருவின் கைகளில் வந்து சேர்ந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

நண்பர்களே, ஆய்வில் வழி தெரியாதபோது நூலகத்துக்குச் செல்லுங்கள். வீட்டுத் திண்ணைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள்.