அப்பாவின் காலப்பிரமாணம்

தோ பாயோ லோரோங் 8 ஈரச்சந்தைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. சென்ற ஆண்டு அப்பாவுக்கு அது இருபது நிமிடமானது. மின்தூக்கிக் கதவு திறந்ததும் அவர் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் பொறுமையாகத்தான் காத்திருப்பார்கள். அந்தப் பொறுமையைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. “இனிமே நான் வரலைப்பா, நீயே போய்ட்டு வா” என்று உட்கார்ந்துவிட்டார். பார்க்கின்சன் நோய்.

கைப்பேசியில் மெட்ரோனோமை ஒலிக்கவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியெடுத்து வைக்கச் சொன்னார் இயன்முறை சிகிச்சையாளர். எனக்கு முதலில் விளையாட்டாகப் பட்டது. பிறகுதான் தேடிப் படித்தேன்.

தாளத்துக்குக் கைதட்டும்போது நாம் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தட்டுவதில்லை. அப்படித் தட்டினால் ஏறக்குறைய 150 மில்லிவிநாடி பிந்திவிடும். உண்மையில் பெரும்பாலோர் கை ஓர் இழை முன்னதாகவே விழுகிறது. அடுத்த அடி எப்போது வரும் என்று மூளை முன்பே கணித்துவிடுகிறது. அசையாமல் உட்கார்ந்து கேட்டாலும், உடலை இயக்கும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. (கச்சேரியில் முன்வரிசை மாமாக்களின் கை சும்மா இருக்காததற்கு இதுதான் காரணம் போலும்.) அவற்றில் ஒன்று, மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா. டோபமின் குறைந்து இந்த நோயில் தடுமாறுவதும் அதுவே. உள்ளே தாளம் போடுபவர் களைத்துப்போனால், வெளியிலிருந்து யாராவது போட்டுக்கொடுக்கலாம். 1990களில் அமெரிக்காவில் மைக்கேல் தாட் குழுவினர் இதை ஆராய்ந்து நடைப்பயிற்சியாக்கினர். நோய் குணமாகாது, எல்லாருக்கும் ஒரேபோல் உதவுவதும் இல்லை.

அப்பாவுக்கு மெட்ரோனோம் பிடிக்கவில்லை. “இது தாளமா? கடிகாரம்!” இளவயதில் மிருதங்கம் கற்றவர், கோயில் பஜனைகளில் வாசித்தவர். எனவே நானே தொடையில் ஆதி தாளம் போட்டேன். நடைபாதையில் பத்தடி போவதற்குள், “காலப்பிரமாணம் ஓடுது. நிறுத்து, திரும்ப எடு.”

ஒன்பது வயதில் அவரிடம் கற்க உட்கார்ந்து, இரண்டே மாதத்தில் நான் ஓடிப்போனது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

போன ஞாயிறு மின்தூக்கிக் கதவு திறந்தது. தட்டினேன். அவர் அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். சற்று நேரத்தில் வாய்க்குள் ‘தகதிமி’ கேட்டது, இரண்டு முறை. அடுத்த சமத்தில் வலது கால் உள்ளே விழுந்தது.

சந்தையில் கொடுவா மீனை அவரே பொறுக்கி எடுத்தார். திரும்பும் வழியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ரெண்டாவது திருதத்துல அவசரப்படுறே. அப்பவும் அப்படித்தான்.”