ஏழு பீச், நாலு நாள், ஒரு சம்பளம்!

அந்தமானுக்குப் போகிறேன் என்று ஆபீஸில் வாயைத் திறந்து பாருங்கள். "எத்தனை பீச் கவர் பண்றீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஏதோ கும்பகோணத்தில் ரூம் போட்டு, ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடிக்கிற மாதிரி! திருநள்ளாறு சனீஸ்வரராவது காலையில் போனாலும் சாயங்காலம் போனாலும் அதே இடத்தில் இருப்பார். கடல் அப்படி இல்லை சார். காலையில் இடுப்பளவு இருந்த தண்ணீர், மத்தியானம் பாறையை மட்டும் நமக்கு விட்டுவிட்டு வெகுதூரம் தள்ளிப் போய்ப் படுத்திருக்கும்.

டிராவல்ஸ்காரர் எங்களுக்குக் கொடுத்த தாளில் நாலு நாளைக்கு ஏழு பீச் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். இறங்கு, போட்டோ எடு, இளநீர் குடி, வண்டியில் ஏறு! அடியேன் படித்தது பி.காம். மூன்று வருஷத்தில் மண்டையில் தங்கிய ஒரே பாடம், ஒன்றை வாங்கும்போது எதைக் கைவிடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும் என்பது. ஏழு பீச்சில் கால் வைத்தால் எந்தப் பீச்சிலும் கால் நனையாது. இதற்கு ஒரு மாதச் சம்பளமா?

நாங்கள் நாலு பேர், ஒரே வகுப்புத் தோழர்கள். பேங்க்காரனுக்குக் கடலுக்கடியில் மீன் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரனுக்கு சூரிய அஸ்தமனத்தைப் படம் பிடிக்க வேண்டும் (புதுக் காமிரா, தவணை பாக்கி). நாலாவது ஆள் ஆடிட்டர் ஆபீஸ். "எங்க போனாலும் சரிடா, நான் கரையில உக்காந்து செருப்புக்குக் காவல் இருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

காரணம் எங்களுக்குத் தெரியும். அவன் அண்ணன் காலேஜில் படிக்கும்போது நண்பர்களோடு மெரினாவில் குளிக்கப் போனவர். திரும்பி வரவில்லை. பதினாறு வருஷமாயிற்று. அதன்பிறகு இவன் கடல் தண்ணீரைத் தொட்டதில்லை. காணும் பொங்கலன்று பீச் பக்கம் பஸ் போனால்கூட ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம்தான் பார்ப்பான்.

போர்ட் பிளேரில் இறங்கிய அன்று ராத்திரி (2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டிக்கெட்டைப் பார்த்து மிரள வேண்டாம்) ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஏழு பீச்சுக்காக மற்ற மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒரே ஒரு தடவை முழங்கால் வரைக்கும் இறங்கிப் பாக்கணும்டா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். சண்டை அதோடு நின்றது.

கல்லாவில் இருந்தவர் ராமநாதபுரத்துப் பூர்வீகம். தாத்தா காலத்தில் கப்பலேறியவர்களாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். டிராவல்ஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பீச் பேரு இருக்கு, நேரம் இருக்கு. தண்ணி எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு இல்லையே?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு டிராவல்ஸ் கமிஷனில் பாதியை அவருக்கே கொடுக்கலாம்.

அன்றிரவு அவரை வைத்துக்கொண்டு தாளைத் திருத்தி எழுதினோம். உங்களுக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், காற்று. ஒரு தீவுக்கு எப்போதும் ஒரு முதுகும் ஒரு முகமும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேற்குக் கரையில் அலை முரடாகிவிடும். அப்போது கிழக்குக் கரைதான் முதுகு, ஓரளவு சாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வந்தால் கதை தலைகீழ். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்கும். நாங்கள் போனது போன வருஷம் பிப்ரவரியில்.

அடுத்தது, தண்ணீரின் ஏற்ற இறக்கம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். தினமும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்குக் குளித்தவர் சொன்னார் என்று நாலு நாள் கழித்துப் பத்து மணிக்குப் போனால் நண்டுதான் வரவேற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வித்தியாசம் அதிகம். சென்னையில் சுமார் ஒரு மீட்டர் என்றால், அந்தமானில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹேவ்லாக் தீவின் கிழக்கே இருக்கும் விஜயநகர், கோவிந்தநகர் கடற்கரைகள் தண்ணீர் ஏறியிருக்கும்போது காலண்டர் படம். இறங்கிவிட்டால் கல்லும் செத்த பவழமும் காலைக் கிழிக்கும்.

மூன்றாவது, சூரியன். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. அந்தமான் இருப்பது 93-க்குப் பக்கத்தில். அதனால் அங்கே எல்லாமே முந்தி நடக்கும். சென்னையில் ஆறு மணிக்கு மறைகிற சூரியன் அங்கே ஐந்தே காலுக்குள் கடையைச் சாத்திவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு. 'அஸ்தமனம் பார்க்க ஐந்தரைக்குக் கிளம்பலாம்' என்று டிபனுக்கு உட்கார்ந்தால், பார்க்கக் கிடைப்பது தெருவிளக்கு.

கடைசிக் கேள்வி, தாளில் வராதது: தண்ணீரில் இறங்கப்போவது யார்?

இந்த நாலையும் வைத்து அடித்துத் திருத்தியதில் ஏழு பீச் மூன்றானது.

ஒன்று, ஹேவ்லாக்கின் ராதாநகர். (2018 முதல் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர்.) 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பட்டம் கொடுத்த இடம். 2020-ல் நீலக்கொடிச் சான்றும் வாங்கியது. நம் கோவளம் அதை அடுத்த வருஷம் வாங்கியது, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மேற்குப் பார்த்த கரை, மாவு மாதிரி மணல், பின்னால் அடர்ந்த காடு. இன்ஷூரன்ஸ்காரனுக்கு நாலு மணியிலிருந்து சொர்க்கம். ஆனால் முதலை எச்சரிக்கைப் பலகையைச் சும்மா வைக்கவில்லை. 2010-ல் அதை ஒட்டிய பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலைக்குப் பலியானார். உப்புத் தண்ணீர் முதலை சதுப்புக்காட்டு ஓடை வழியாக வரும். ஆகவே ஓடை வந்து சேரும் மூலை வேண்டாம், இருட்டிய பிறகு தண்ணீரே வேண்டாம்.

இரண்டு, எலிஃபன்ட் பீச். மரம் இழுக்க வந்த யானைகளின் ஞாபகமாக வந்த பெயர். ஹேவ்லாக்கில் ராஜன் என்றொரு யானை கடலில் நீந்துவதற்கே புகழ் பெற்றிருந்தது, 2016-ல் இறந்துவிட்டது. கரைக்குப் பக்கத்திலேயே பவழப்பாறை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தால் போதும், மீன் தானாக வரும். பேங்க்காரன் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நாலாவது ஆள் நாலு ஜோடி செருப்போடு மர நிழலில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது, நீல் தீவின் பரத்பூர். (இப்போது ஷஹீத் த்வீப்.) அந்தத் தீவில் ராம்நகர், சீதாபூர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயணமே ஊர்ப் பெயராக இருக்கிறது. டிராவல்ஸ் தாளில் பரத்பூருக்குக் கொடுத்திருந்தது அரை மணி நேரம். நாங்கள் ஒரு காலை முழுவதையும் ஒதுக்கினோம்.

ஏன் பரத்பூர்? மெரினாவில் கரை சட்டென்று ஆழமாகும். கரையில் மோதிய தண்ணீர் திரும்பும்போது ஓரிடத்தில் வாய்க்கால் மாதிரி சேர்ந்து உள்ளே இழுக்கும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தித்தான் நல்ல நீச்சல்காரனும் களைத்துப் போகிறான். (பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தினால் அந்த இழுப்பிலிருந்து விலகிவிடலாம். இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டும்.) பரத்பூரில் வெளியே பவழப்பாறை வேலி போட்ட மாதிரி அலையை உடைத்துவிடுகிறது. உள்ளே வெகுதூரம் வரை ஆழமில்லை. அடித்தரை கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்குப் பயந்தவனுக்கு, காலை எங்கே வைக்கிறோம் என்று தெரிவதைவிடப் பெரிய தைரியம் கிடையாது.

ஜெட்டிப் பக்கம் வாட்டர் ஸ்கூட்டர்கள் அலறிக்கொண்டிருந்தன. நாங்கள் மறுகோடிக்குப் போனோம். அவனைக் கூப்பிடவில்லை, கேலியும் பண்ணவில்லை. மூன்று பேரும் முழங்காலளவில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டோம். அரை மணி நேரம் கழித்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். கணுக்கால். நின்றான். முழங்கால். மறுபடி நின்றான். பேங்க்காரனின் தோளை அவன் பிடித்த பிடியில், மறுநாள் வரை விரல் தடம் இருந்தது. இடுப்பு வரை வந்து பத்து நிமிஷம் அசையாமல் நின்றான். "அண்ணனுக்கு இந்தத் தண்ணி கெடச்சிருக்கலாம்டா" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது?

சாயங்காலம் அவனே அம்மாவுக்குப் போன் போட்டான். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினான். திரும்பி வந்து, "இன்னிக்கு டிபன் என் செலவு" என்றான். ஆடிட்டர் ஆபீஸ்காரன் பர்ஸைத் திறந்தது அந்தமானின் அதிசயங்களில் இன்னொன்று.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பரத்பூருக்கு ஓட வேண்டாம். லக்ஷ்மண்பூரில் கடல் குடைந்த பாறை வளைவு ஒன்று இருக்கிறது. தண்ணீர் இறங்கும் நேரத்தில் மட்டும் நடந்து போய்ப் பார்க்கலாம், உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றால் அதற்கு நாளை ஒதுக்குங்கள். உங்கள் கோஷ்டியில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, காற்று, தண்ணீர், சூரியன் மூன்றையும் பார்த்துப் பேனாவை எடுங்கள். அடிக்க அடிக்கப் பயணம் நன்றாகிறது.

இன்னொரு விஷயம். கரையில் கிடக்கிறதே என்று பவழத்துண்டைப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏர்போர்ட்டில் பையைக் குடைந்து எடுத்துவிடுவார்கள். அங்கே நின்று "சும்மா ஒரு ஞாபகத்துக்கு சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்த ஓர் ஆசாமியின் கையில் ஏழு பீச் பட்டியலைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் டிக் அடித்திருந்தார்.