மிஞ்சிய மாத்திரைகள்

எங்கள் மதரஸா விடுதியில் சிறுவன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்கு முன்னர் எழுதித் தரப்பட்டு, உடல் தேறியதும் நானாகவே நிறுத்திவிட்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நான்கு அலமாரியில் மிஞ்சிக் கிடந்தன. அவற்றுள் இரண்டை அவனுக்குக் கொடுத்தேன். அதைப் பரிவென்றே கருதினேன்.

முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அன்று என்னைக் காண வந்திருந்தார். கணினியின் துணையோடு புரதங்களை ஆராய்பவர் அவர். "ஹஜ்ரத், காய்ச்சல் வைரஸால் வந்திருந்தால் இம்மருந்து பயன்படாது. மருந்துக்குத் தப்பும் பாக்டீரியாக்கள் குடலில் பெருகவே இது வழி செய்யும்" என்றார். துணுக்குற்றேன். கலைப் பட்டதாரியான எனக்கும் விளங்குமாறு கூறும்படி கேட்டேன்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை இரண்டு சவ்வுகள் போர்த்தியுள்ளன. உட்சவ்வில் ஏசிஆர்பி என்னும் புரதம் பதிந்துள்ளது. பித்த உப்புகளைப் போன்று தனக்குத் தீங்கானவற்றை வெளியே இறைத்துவிடும் பம்பு அது. மருந்தையும் அவ்வாறே இறைத்துவிடுகிறது. இப்பம்புகளை மிகுதியாகக் கொண்ட கிருமிகள் மருந்துக்குத் தப்பிப் பிழைக்கின்றன.

2006ஆம் ஆண்டு எக்ஸ் கதிர் ஆய்வுகள் அதன் இயக்கத்தைப் புலப்படுத்தின. ஒரே வகையான மூன்று கூறுகள், மூன்று வடிவங்களில் நின்றன. ஒன்று மருந்தை ஏற்கத் திறந்திருந்தது; ஒன்று பற்றியிருந்தது; ஒன்று வெளியே தள்ளிய நிலையில் இருந்தது. மூன்றும் முறை வைத்து வடிவம் மாறுகின்றன.

எனினும் படம் அசையாது. நிலை, ருகூவு, ஸஜ்தா ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக மட்டும் கண்டவர் தொழுகையின் அசைவை அறிவாரா? அவ்விடைவெளியையே கணினி நிரப்ப முயல்கிறது. புரதம், சவ்வு, நீர் இவற்றின் ஒவ்வோர் அணுவின் மீதும் செயற்படும் விசையைக் கணித்து, நியூட்டனின் விதிப்படி அதனைச் சற்றே நகர்த்துகிறது, மீண்டும் கணிக்கிறது. ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால், அதில் ஓரிரு பங்கே ஓர் அடி! கோடி அடிகள் வைத்தாலும் விநாடியின் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. 1977இல் சிறு புரதம் ஒன்றின் அசைவை முதன்முதலாக இவ்வாறு கணித்த குழுவில் இருந்த மார்ட்டின் கார்ப்ளஸ், 2013இல் வேதியியலுக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

கணினி கூறுவதை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே ஏற்பார்களாம். ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து பழகிய எனக்கு அந்நேர்மை பிடித்திருந்தது. பம்பின் எவ்விடத்தை அடைத்தால் மருந்து உள்ளே தங்கும் என்பதே அவர்களின் தேடல். கண்ணுக்குத் தெரியாத உயிரிலும் இத்துணை நுட்பத்தை அமைத்தவன் எத்துணை வல்லமையாளன்! ஸுப்ஹானல்லாஹ்!

மறுநாள் சிறுவனைச் சோதித்த மருத்துவர், ஆன்டிபயாடிக் தேவையே இல்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ், நலமடைந்தான். அறிந்தவரைக் கேட்டுச் செயற்படுமாறு நாள்தோறும் போதிக்கும் நானே கேளாமல் செய்த பிழையை வகுப்பில் ஒப்புக்கொண்டேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் மிஞ்சிய மாத்திரைகள் இருக்கலாம், சகோதரர்களே, சகோதரிகளே. பரிவின் பெயரால் அவற்றை எவருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.