கேட்கப் போகுமுன்

கரவனெல்ல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர் தொடர்புக்கும் நிதி திரட்டலுக்கும் இனி நீதான் பொறுப்பு என்று உன் அம்மா சொன்னாள். சொல்லும்போதே குரலில் ஒரு குறை. "காசு சேர்க்கிற வேலையாம் தம்பி, இதுக்கா இவ்வளவு படிச்சா?" என்றாள். கோயில் வசூலுக்குத் தோட்டத்து லயம் லயமாக ஏறி இறங்கியவரின் மகள் பேசுகிற பேச்சா இது என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். ஆக, வீட்டுப் பக்கம் இப்போதைக்குப் பிரச்சினை இல்லை.

நீ யோசனை கேட்டு அனுப்பியிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் எல்லோரும் முதலில் கேட்கப்போவது, அரசாங்கப் பல்கலைக்கழகம் எதற்குக் கை நீட்ட வேண்டும் என்பதைத்தான். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்திலிருந்து, 1945 முதல், படிப்பு இலவசம் என்று கேட்டு வளர்ந்த நாடு இது. வரிக்காசில் சம்பளமும் கட்டடமும் ஓடுகின்றன, மற்றதெல்லாம் இழுபறிதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல உதவிப்பணம் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆனது. நல்லது. விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு அது எத்தனை நாளைக்குக் காணும் என்று உனக்கே தெரியும். அந்த மகாபொலவையும் கொஞ்சம் யோசித்துப் பார். 1981இல் வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி அதைத் தொடங்கியபோது வர்த்தகக் கண்காட்சி நடத்தி ஊர் ஊராகக் காசு சேர்த்தார்கள். பிறகு அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்திலிருந்தும் பங்கு வந்தது. எனக்குக் கிடைத்த உதவிப்பணத்தில், பஸ் நிலையத்தில் சீட்டு வாங்கி ஒன்றும் விழாமல் போன யார் யாருடைய காசோ இருந்தது. அரசாங்கம்கூட ஆட்களிடம் கேட்டுத்தான் கொடுத்தது என்று கேட்கிறவர்களிடம் சொல்.

தாத்தா தோட்டத்துக் கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்த காலம் உனக்குத் தெரியாது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஆளுக்கு ஒரு பேர் என்று, காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் முடிவாகும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலேயே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். ரப்பர் தோட்டத்தில் மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேரும் இல்லை. அப்படி மாதத்தில் பாதி நாள் வேலையில்லாமல் குந்தியிருந்த வீட்டிலிருந்தும் அந்த ஒரு பேர் வரும். சொல்லப்போனால் அந்த வீடுகள்தான் முதலில் சரி என்று சொல்லும். இழுத்தடிப்பது கொஞ்சம் வசதி உள்ளவர்கள்தான்.

திருவிழா முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் கணக்கு வாசிப்பு நடந்தாக வேண்டும். கோயில் வாசலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சீ.ஆர். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு தாத்தா ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒரு பேர் கொடுத்தவரும், நூறு ரூபா கொடுத்த கடை முதலாளியும், கொப்பியில் எழுதிய வரிசைப்படியே வருவார்கள். பிறகு செலவு: மேளம், பூசாரி தட்சணை, கரகத்துக்குப் பூ, தேங்காய், கற்பூரம். பின்னாலிருந்து ஒருவர் எழும்பி, "எண்ணெய் நாலு போத்தலா, அஞ்சு போத்தலா?" என்பார். தாத்தா கோபப்பட மாட்டார். பில்லை எடுத்து, அவர் இருக்கும் இடத்துக்கே கொடுத்தனுப்புவார். அப்படிக் குடைந்து கேட்டவரை அடுத்த வருஷம் கமிட்டிக்குள் இழுத்துப் போட்டுவிடுவார்.

நீ பட்டறைகளிலும் கருத்தரங்குகளிலும் என்னென்னவோ படித்திருப்பாய். எனக்குத் தெரிந்த நிதி திரட்டல் இவ்வளவுதான்: கொடுத்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்வது, செலவை அதைவிடச் சத்தமாகச் சொல்வது.

இனி, ஆட்கள் ஏன் கொடுப்பதில்லை என்பதைச் சொல்கிறேன். என்னையே எடுத்துக்கொள். பட்டம் வாங்கி வெளியே வந்த நாளிலிருந்து நான் படித்த இடத்திலிருந்து ஒரு தாள் வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சிங்களம். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. கட்டட நிதிக்கு உதவும்படி கேட்டு, வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த இடம் என்று உனக்குத் தெரியும், எழுதவில்லை. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், அது ஒரு பொருட்டல்ல. நான் தமிழில் பரீட்சை எழுதியவன் என்பது அவர்கள் கோப்பில்தான் இருக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியதுதான் உறைத்தது. கடிதம் அலுமாரியில் இருக்கிறது. காசு என்னிடமே இருக்கிறது.

இதைவிடப் பெரிய சங்கதி பகிடிவதை. 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் போட்டும் அது முற்றாக ஒழிந்தபாடில்லை. முதல் வாரமே முழங்காலில் நின்றவன், நடுச்சாமத்தில் எழுப்பப்பட்டு ஏச்சு வாங்கியவன், நாற்பது வருஷம் கழித்து "நமது இனிய வளாகம்" என்று தொடங்கும் அழைப்பிதழைப் பார்த்தால் என்ன நினைப்பான்? யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கம் வைத்து, ஒன்றுகூடல் நடத்தி, கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதே ஆட்கள்தான் பல்கலைக்கழகத்துக்கும் போனவர்கள். பாடசாலைக்குக் கொடுப்பவர் வளாகத்துக்கு ஏன் கொடுப்பதில்லை? பாடசாலையில் ஒரு வாத்தியாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். இதில் உன் பிரிவுக்கு என்ன வேலை என்று கேட்காதே. புதிய மாணவர் வரவேற்பில் நீ போய் நில். உன் எதிர்காலக் கொடையாளிகள் அன்றைக்குத்தான் உருவாகிறார்கள், அல்லது கெட்டுப்போகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 83 கலவரத்தில் படிப்பைப் பாதியில் விட்டு ஓடியவர்கள். 87க்கும் 90க்கும் இடையில் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தபோது வயது போய், வேலை தேடிப்போய், திரும்பாதவர்கள். சிங்களப் பிள்ளைகளும் இதில் ஏராளம். பட்டமளிப்புப் பட்டியலைப் பார்த்து நீ ஆள் தேடினால் இவர்கள் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். விடுதிப் பதிவேடுகளில் தேடு. இவர்களுக்கு முதல் கடிதத்தில் காசைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேள். இரண்டாவது கடிதத்திலும் வேண்டாம்.

பெரிய புள்ளிகளைப் பிடிக்க வேண்டும் என்று உபவேந்தர் சொல்வார். சொல்லட்டும். 2024இல் கிருஷ்ணா சிவுகுலா என்பவர் தான் படித்த சென்னை ஐ.ஐ.டி.க்கு 228 கோடி இந்திய ரூபா கொடுத்த செய்தியை வெட்டி மேசையில் வைத்திருப்பார். நம் பக்கமும் அப்படி ஆட்கள் இல்லாமலில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது. ஆனால் சிவுகுலா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து முடித்தது 1970இல். அப்படி ஒருவர் உனக்கும் வருவார் என்று நம்பி நீ அரை நூற்றாண்டு அலுவலகத்தில் உட்கார முடியாது.

எனக்குப் பிடித்தது ரொறன்ரோக் கதைதான். ரொறன்ரோப் பல்கலைக்கழகமும் அரசாங்க உதவி பெறுவதுதான். ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை வைக்க 30 இலட்சம் கனேடிய டொலர் தேவைப்பட்டது. 2018இல் தொடங்கினார்கள், 2021இல் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு 1 கோடி இந்திய ரூபா கொடுத்தது உண்மை. ஆனால் மொத்தத்தில் கொடுத்தவர்கள் 3800 பேருக்கு மேல். நினைத்துப் பார், நடுவில் கொரோனா வேறு. இவர்களில் எத்தனை பேர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பார்கள்? பெரும்பாலும் அகதியாய்ப் போய், இரண்டு வேலை செய்து பிள்ளை வளர்த்த சனம். படித்தவர்களிடம் மட்டும் கேட்க வேண்டும் என்று யார் சொன்னது? பட்டதாரிப் பிள்ளையைப் பெற்ற லயத்து அம்மாவிடம் கேட்டுப் பார், அவள் ஒரு பேர் கொடுப்பாள். "பழைய மாணவர்" என்று பலகையில் எழுதிவிட்டதால் வாசலை அந்த அளவுக்குக் குறுக்கிவிடாதே.

காசு வந்த பிறகு வரும் தலைவலி வேறு. நிதியாளர் கையெழுத்து, பேரவை அனுமதி, கேள்விப்பத்திரம், கணக்காய்வு. கொடுத்தவர் தை மாதம் கொடுப்பார், பொருள் அடுத்த தைக்கு வரும். அதற்குள் அவர் இன்னும் மூன்று பேரிடம் "கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லியிருப்பார். கணக்காய்வு இருப்பது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். தாமதம் ஏன் என்று மூன்று மாதத்துக்கொரு தரம் அவருக்கு ஒரு பக்கம் எழுதிவிடு, போதும்.

முதலைத் தொடாமல் வட்டியில் புலமைப்பரிசில் கொடுக்கும் நிதியம்தான் நிலைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். வெளிநாட்டில் சரி. இங்கே 2022ஐ மறந்துவிட்டா பேசுகிறார்கள்? 200 ரூபாவுக்கு இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனது. அந்தச் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. நிலையான வைப்பில் போட்டு வைத்த நினைவு நிதிகளில் முதல் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கு வாங்கும் பலம் போய்விட்டது. அதனால் வட்டி முழுவதையும் செலவழிக்காதே. ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே போ. இதை நன்கொடைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கு. பிறகு கேட்டால் குடும்பத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்காக ஒன்று செய்ய முடியுமா என்று பார். பல்கலைக்கழக அனுமதியில் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. அந்தப் பதினாறு மாவட்டப் பட்டியலில் நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, பக்கத்து இரத்தினபுரியும் உண்டு. நம் கேகாலை இல்லை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கத்து ரப்பர் லயத்துப் பிள்ளை கேகாலை டவுன் பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நின்று, தாண்டி, உள்ளே வரும் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அனுமதியை உன்னால் மாற்ற முடியாது. வந்த பிள்ளை முதல் வருஷத்திலேயே காசில்லாமல் நின்றுவிடாமல் பார்க்க ஒரு சிறு நிதியம் வைக்கலாம். பதிவுக்குப் போகும் பஸ் காசு, ஒரு கட்டில் மெத்தை, ஒரு பழைய மடிக்கணினி. மகாபொலவின் முதல் தவணை கைக்கு வரும்வரை அந்தப் பிள்ளைக்கு ஒரு கைத்தாங்கல் தேவை. இதற்கென்று கேட்டால் இந்தப் பக்கத்திலிருந்து படித்துப்போன ஆசிரியர்களும் கிராம உத்தியோகத்தர்களும் தாதிமாரும் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்தவர்களின் பட்டியல் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவரவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் உனக்கு அனுப்புவேன்.

உன் அம்மாவுக்கு வியாழக்கிழமை கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிளினிக். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். மாம்பழத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

என் பென்ஷனில் மாதம் ஆயிரம் ரூபா உன் நிதியத்துக்குப் பிடிக்க வங்கியில் என்ன படிவம் கொடுக்க வேண்டும் என்று எழுது. நான் படிக்காத பல்கலைக்கழகம்தான், இருந்தாலும் பரவாயில்லை. அப்படி ஒரு படிவமே உங்களிடம் இல்லையென்றால், மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும், நாளைக்கே அதை அச்சடிக்கக் கொடு.

அன்புடன்,
மாமா