வில்லங்கம் பார்க்காமல் வாங்கும் பொருள்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். அந்த வேலை ஒரு பழக்கத்தை ஒட்ட வைத்துவிட்டது. யாராவது எதையாவது விற்க வந்தால், "இது உங்க கைக்கு எப்படி வந்தது?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும்.

அரை கிரவுண்டு மனை வாங்க வருகிறவர்கூட இரண்டு காகிதம் பார்ப்பார். ஒன்று மூலப் பத்திரம். இது விற்பவர் கையில் இருப்பது. இன்னொன்று வில்லங்கச் சான்று. இது விற்பவர் கையில் இல்லாத, ஆபீஸ் புத்தகத்திலிருந்து எடுத்துத் தருவது. முதல் காகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவதை வைத்துத்தான் முடிவு எடுப்பார்கள். விற்பவர் கெட்டவர் என்பதற்காக அல்ல. அவர் சொல்வதை அவரைத் தவிர இன்னொருவரும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மனைக்கு இவ்வளவு பார்க்கிற நாம், பழம்பொருள் என்று வந்துவிட்டால் கடைக்காரர் வாய்ச்சொல்லுக்கே பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம்.

தை மாதம் சிங்கப்பூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். காரைக்குடி போய்ப் பழைய சாமான் கடைகளைப் பார்க்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தானே, கிளம்பினோம். ஒரு கடையில் ஒரு சாண் உயரத்தில் ஐம்பொன் அம்மன். பார்க்க லட்சணமாக இருந்தது.

"இருநூறு வருஷத்துச் சிலை சார். செட்டிநாட்டு வீட்டுப் பூஜை ரூமில இருந்து வந்தது" என்றார் கடைக்காரர்.

"எந்த ஊருங்க, எந்த வீடு?" என்றேன்.

"அதெல்லாம் சொல்றதில்லைங்க. வித்தவங்களுக்குக் கௌரவக் குறைச்சல் பாருங்க."

நியாயமான பதில்தான். பங்கு பிரிக்கிற வீட்டில் சாமான் விற்பதை ஊரறியச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதே பதில் பொய்க்கும் நல்ல போர்வை. அதனால் இன்னொன்று கேட்டேன்: "இருநூறு வருஷம்னு பில்லில எழுதித் தருவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "பில்லில பித்தளை பொம்மை ஒன்றுன்னுதான் சார் போடுவோம்."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது விளக்கினேன். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. விற்பதற்கு உரிமம் வேண்டும். உள்ளூரில் வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். ஆக, கடைக்காரர் சொல்வது மெய்யானால் விமான நிலையத்தில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பொய்யானால் நேற்று வார்த்த சிலைக்கு இருநூறு வருடத்து விலை கொடுத்தவர் ஆவார். "எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான் மாப்பிள்ளை" என்றேன். புதிதாக வார்த்ததை வாங்கினாலும், அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு போவது நல்லது.

"பெரிய மியூசியமெல்லாம் எப்படி மாமா வாங்குறாங்க?" என்று கேட்டார். அவர்கள் கதையைத்தான் அடுத்துச் சொன்னேன்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஒரு சோழர் காலத்துக் கோயில். பூட்டியே கிடந்தது. 2006-ல் உள்ளே புகுந்து சிலைகளைத் திருடிவிட்டார்கள். கோயில் பூட்டிக் கிடந்ததால் ஊருக்கே விஷயம் தெரியவில்லை. 2008-ல் அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வாங்கியது. விலை ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர்.

கலைக்கூடம் காகிதம் கேட்காமல் வாங்கவில்லை. கேட்டார்கள், கிடைத்தது. சூடான் நாட்டுத் தூதரகக் குடும்பம் ஒன்று டெல்லியில் இருந்த காலத்தில், அதாவது 1972 சட்டத்துக்கு முன்பே, வாங்கிய சிலை என்று ஒரு கடிதம். திருட்டுப் பட்டியலில் இந்தச் சிலை இல்லை என்று ஒரு சான்று. எப்படி இருக்கும்? திருடு போனதே ஊராருக்குத் தெரியாதே! மூலப் பத்திரம் பளபளவென்று இருந்தது. வில்லங்கம் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த வில்லங்கச் சான்று பாண்டிச்சேரியில் இருந்தது. அங்கே உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருடமாகத் தமிழ்நாட்டுக் கோயில்களைப் படம் பிடித்து அடுக்கி வைத்திருக்கிறது. 1994-ல் எடுத்த படத்தில் அதே நடராஜர், ஸ்ரீபுரந்தான் கோயிலிலேயே இருக்கிறார். 1972-க்கு முன் டெல்லியில் விலை போன சாமி 1994-ல் கோயிலில் எப்படி இருப்பார்? கடிதம் பொய் என்று ஒரு படம் சொல்லிவிட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே சிலையைக் கொண்டுவந்து நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு வருடம் இங்கே கொண்டுவரப்பட்டார். வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடம் தண்டனை கொடுத்தது.

சாமி சிலையில்தான் இப்படி என்று இல்லை. வெள்ளைக்காரர்களுக்குப் பழைய ஒயின் பாட்டில் என்றால் உயிர். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் கதை நம் வீட்டுக் கதை போலவே இருக்கும். 1985-ல் லண்டன் ஏலத்தில் ஒரு பாட்டில் 1,05,000 பவுனுக்குப் போனது. 1787-ம் வருடத்துச் சரக்கு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சனுடையது என்றார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகள் கண்ணாடியில் வெட்டியிருந்தன, நம் வீட்டுக் குடத்தில் பெயர் வெட்டியிருப்பது மாதிரி. பாரிஸில் சுவர் வைத்து மூடியிருந்த நிலவறையில் கிடைத்தது என்றார், அதைக் கொண்டுவந்த ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர். எந்த வீடு, எந்தத் தெரு? அதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

அந்த வரிசையில் நான்கு பாட்டில்களை வாங்கிய அமெரிக்கக் கோடீஸ்வரர் பில் காக்கிடம், 2005-ல் ஒரு கண்காட்சிக்காகப் பூர்வீகம் கேட்டார்கள். விசாரிக்கத் துப்பறிவாளர்களை வைத்தார். ஜெபர்சன் வரவு செலவைத் தேதி வாரியாக எழுதி வைத்த மனிதர். அந்தக் குறிப்புகளில் இந்தப் பாட்டில்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எழுத்து வெட்டியதைப் பார்த்த நிபுணர்கள், இது மின்சாரக் கருவியின் வேலை என்றார்கள். விற்றவர் மறுத்தார்.

இதை நம் வீட்டுப் பெண்களிடம் காட்டியிருந்தாலே சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் பாத்திரக்கடையில் உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் ஒரு மாதிரி, இப்போது கரண்ட் மிஷினில் கீறுவது ஒரு மாதிரி. பாட்டி குடத்தையும் பேத்தி குடத்தையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டு கதையிலும் பொய்யைப் பிடித்தது விற்றவர் கொடுத்த காகிதம் அல்ல. அவர் கை படாத ஒரு பதிவு. ஓரிடத்தில் படம், இன்னோரிடத்தில் கணக்கு நோட்டு.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பலபேர் தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் நமக்குச் சொல்கிறார்கள். ஆனால் பழம்பொருளில் பொருளுக்கு ஒரு விலை, கதைக்கு ஒரு விலை. பொருள் பிடித்திருந்தால் பொருளுக்கு உண்டான விலை கொடுங்கள். கதைக்கும் சேர்த்துக் கேட்டால், கதையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாப்பிள்ளை கடைசியில் 'ஸ்வீடன்' என்று அடியில் அச்சிட்ட எனாமல் தூக்கு ஒன்று வாங்கினார். அதற்குக் கதை எதுவும் யாரும் சொல்லவில்லை. விலையும் மலிவு.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பழைய கோயில். பல இடங்களில் ஒரு கால பூஜை, மற்ற நேரம் பூட்டு. நிர்வாகத்தாரிடமும் குருக்களிடமும் கேட்டுக்கொண்டு, உற்சவர் சிலைகளை முன்னும் பின்னும் பீடத்தோடும் தெளிவாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உயரத்தை அளந்து, தேதி போட்டு எழுதி, ஒரு பிரதி கோயிலிலும் ஒரு பிரதி அறநிலையத்துறை அலுவலகத்திலும் இருக்கட்டும். ஊருக்கு வெளியே காட்டிக்கொண்டு திரிய வேண்டாம்.

என்றைக்காவது ஒரு நாள், கடல் கடந்த ஊரில், "இது எங்க தாத்தா காலத்துச் சொத்து" என்று ஒருவர் கடிதம் நீட்டினால், இல்லை என்று சொல்ல அந்த ஒரு படம் போதும்.